இருட்டுக்குக் காரணம் லூகாஸ் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் மின்சாரத்தைக் கேலி செய்யும் துணுக்குகளைத் தங்கள் ஞாயிறு மலரில் படித்தேன். அவற்றுக்கு மின்சாதனங்கள் செய்து கொடுத்த லூகாஸ் கம்பெனிக்கு ‘இருளின் இளவரசன்’ என்று பட்டம். ஹெட்லைட் சுவிட்சுக்கு மங்கல், மினுக்கல், அணைந்தது என்று மூன்றே நிலை. இங்கிலாந்துக்காரர்கள் பீரை வெதுவெதுப்பாகக் குடிப்பது அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜும் லூகாஸ் செய்தது என்பதால். வயரிலிருந்து வெளியேறிய புகையைத் திரும்ப அடைக்கப் புகை டப்பா விற்கிறார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களே ஆண்டாண்டாகச் சொல்லிச் சிரிப்பவை இவை. நானும் சிரித்தேன். ஆனால் இந்தத் துணுக்குகளை உண்மை என்று நம்பி, நன்றாக இருக்கும் டைனமோவையும் அசல் வயரிங்கையும் பிடுங்கி எறிகிறார்களே, அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. அந்த வண்டிகளில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை லூகாஸ் செய்த பொருளுக்குள் இருப்பதில்லை. ஒரு பொருளுக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள இணைப்பில் இருக்கும், அல்லது எர்த்தில், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதையில் இருக்கும்.

முதலில் ஒரு திருத்தம். கனவான்கள் இருட்டிய பிறகு கார் ஓட்டமாட்டார்கள் என்று கம்பெனியை நிறுவிய ஜோசப் லூகாஸே சொன்னதாக ஒரு துணுக்கு வந்திருக்கிறது. பர்மிங்ஹாமில் விளக்கு விற்றுப் பிழைத்தவர் அவர். ‘கிங் ஆஃப் தி ரோடு’ என்ற சைக்கிள் விளக்குதான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 1902-ல் இறந்துபோனார். அன்றைக்குக் கார் விளக்குகள் எண்ணெயிலும் அசிட்டிலின் வாயுவிலும் எரிந்துகொண்டிருந்தன. மின்விளக்குப் பழியை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பிற்காலத்தில் ஆஸ்டின், மாரிஸ், டிரயம்ஃப், ஜாகுவார், பி.எஸ்.ஏ., நார்ட்டன் என்று எதைத் திறந்தாலும் உள்ளே லூகாஸ் பெயர்தான். இந்தக் கம்பெனியின் பிடி எவ்வளவு இறுகியிருந்தது என்றால், வாகன மின்சாதன வியாபாரத்தைப் பற்றி பிரிட்டனின் ஏகபோக ஆணையம் 1963-ல் தனி அறிக்கையே வெளியிட்டது. எல்லா வண்டியிலும் ஒரே பெயர் இருந்தால், எந்த வண்டி நின்றாலும் திட்டு அந்தப் பெயருக்குத்தான் போகும். ஸ்மித்ஸ் செய்த மீட்டர் தவறாகக் காட்டினாலும், எஸ்.யூ. செய்த பெட்ரோல் பம்பு நின்றாலும் பழி லூகாஸுக்கே. ஒரு முழுக் காருக்கு இரண்டே ஃபியூஸ் போதும் என்று விலையைக் கணக்குப் பார்த்து முடிவு செய்தது கார் கம்பெனி. அந்தக் கோபமும் லூகாஸ் மேல்தான் விழுகிறது.

இனி எர்த். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த வண்டிகளில் ஒவ்வொரு விளக்குக்கும் போகிற வயர் உண்டு, திரும்பி வருகிற வயர் பல இடங்களில் கிடையாது. வண்டியின் உடம்பே திரும்பும் பாதை. விளக்கின் அடித்தட்டு ஒரு திருகாணி வழியாக மட்கார்டைத் தொடுகிறது, மட்கார்டு போல்ட் வழியாக உடம்பைத் தொடுகிறது. ஐம்பது அறுபது வருடத் துருவும், இடையில் இரண்டு தடவை அடித்த பெயிண்டும் அந்தத் தொடுகையில் உட்கார்ந்திருக்கும்போது மின்சாரம் எப்படித் திரும்பும்? அது வேறு வழி தேடும். பின்விளக்கில் 21 வாட், 5 வாட் என்று இரண்டு இழை உள்ள பல்பு இருக்கிறது. இரண்டு இழைக்கும் எர்த் ஒன்றே. அந்த எர்த் போய்விட்டால், பிரேக்கை மிதித்ததும் 21 வாட் இழைக்குள் வந்த மின்சாரம் 5 வாட் இழை வழியாகப் பார்க்கிங் விளக்குகளின் சிவப்பு வயருக்குள் பின்னோக்கி ஏறி, முன்பக்கப் பார்க்கிங் விளக்கையும் டாஷ்போர்டு விளக்கையும் தேடிப் போய் அங்கே எர்த் ஆகும். பிரேக் மிதித்தால் டாஷ்போர்டு மங்கலாக ஒளிரும், இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து கண்ணடிக்கும். வண்டியில் பேய் புகுந்துவிட்டது என்று சொல்வதெல்லாம் இதைத்தான். இதற்காக வயரிங்கை மாற்ற வேண்டாம். விளக்கைக் கழற்றி, அடித்தட்டும் உடம்பும் தொடும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவெனத் தேய்த்து, பல்வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் பல்பு ஹோல்டரிலிருந்தே ஒரு கறுப்பு வயரை இழுத்து உடம்பிலுள்ள ஒரு நல்ல போல்ட்டில் கட்டிவிடுங்கள். 0.30 மில்லிமீட்டர் இழை 14 கொண்ட வயர் 8 ஆம்பியர் வரை தாங்கும், ஒரு விளக்குக்கு அது தாராளம்.

என்ஜினுக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள பின்னல் பட்டையை அடுத்துப் பாருங்கள். என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் இந்தப் பட்டை ஒன்றுதான் அதற்கு எர்த். கிளட்ச் வேலைக்காக என்ஜினை இறக்கி ஏற்றும்போது இதை மாட்ட மறந்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. மறந்துவிட்டு சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரும் சோக் கேபிள் வழியாகவும் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகவும் போகப் பார்க்கும். கேபிளின் வெளிச்சுருள் பழுக்கும், உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உருகும், டாஷ்போர்டின் அடியிலிருந்து புகை வரும். புகை டப்பா துணுக்கின் பிறப்பிடங்களில் இது முக்கியமானது. சோக் கேபிள் இறுகிப்போய் இழுக்க வரவில்லை என்று புதுக் கேபிள் வாங்குகிறவர்கள், வாங்குவதற்கு முன் பின்னல் பட்டையைக் குனிந்து பார்க்க வேண்டும்.

எர்த் நல்லதா கெட்டதா என்று மல்டிமீட்டரின் ஓம்ஸ் அளவில் வைத்துப் பார்ப்பது வீண். இருபது இழையில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் ஓம்ஸ் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். சுமை ஓடும்போது வோல்ட் இழப்பைப் பார்க்க வேண்டும். இக்னிஷன் காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, மீட்டரை 2 வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை என்ஜின் உடம்பிலும் வையுங்கள். முனை என்றால் ஈயக் குமிழ், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பைத் தொட்டால் கிளாம்ப்புக்கும் குமிழுக்கும் நடுவிலுள்ள கோளாறு தப்பித்துவிடும். இன்னொருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட் என்றால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ அழுக்கு இருக்கிறது. ஒவ்வொரு போல்ட்டாக முனையை நகர்த்தினால் இழப்பு எந்த இடத்தில் குதிக்கிறதோ அங்கேதான் வேலை. இதே முறையில் ஹெட்லைட்டை எரியவிட்டு, விளக்கின் எர்த் வயருக்கும் பேட்டரிக்கும் நடுவிலும் பார்க்கலாம்.

மங்கல், மினுக்கல் துணுக்குக்கு வருகிறேன். அந்தக் காலத்து வண்டியில் ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் டாஷ்போர்டு சுவிட்சுக்குள் போய், டிம்-டிப் சுவிட்சுக்குள் போய், முன்பக்கத்திலுள்ள நான்கைந்து குண்டு இணைப்புகளைத் தாண்டித்தான் பல்புக்கு வரும். குண்டு இணைப்பு என்பது 4.7 மில்லிமீட்டர் பித்தளைக் குண்டு வயர் முனையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டு, ரப்பர் போர்த்திய உலோகக் குழாய்க்குள் திணிக்கப்பட்டிருப்பது. புதிதாக இருந்தபோது நல்ல இணைப்புத்தான். அதை வைத்த இடம்தான் மோசம். ரேடியேட்டர் கிரில்லுக்குப் பின்னால், மழையும் குளிர்காலச் சாலையில் தூவும் உப்பும் நேராக அடிக்கும் இடம். குழாய் துருவேறி விரிந்து, குண்டைப் பிடிக்கும் பிடி தளர்ந்துபோகும். ஒவ்வொரு இணைப்பிலும் கால் வோல்ட் போனாலும் பல்புக்கு வரும்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் போயிருக்கும். பல்பின் ஒளி வோல்ட்டைப் போல நேர் கணக்கில் குறைவதில்லை. வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும்.

குழாய்களை மட்டும் புதிதாக வாங்கி மாற்றுங்கள், விலை மிகக் குறைவு. குண்டுகளை நைஸ் உப்புத்தாளில் தேய்த்து, வாசலின் தொட்டு, ‘டக்’ என்று உட்காரும்வரை தள்ளுங்கள். ஏதாவது குண்டு வயரிலிருந்து கழன்றிருந்தால் திரும்பப் பற்றவையுங்கள். நீல நிற, சிவப்பு நிற பிளாஸ்டிக் நசுக்கு இணைப்புகளை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். அவை பழைய வயரின் அளவோடு பொருந்துவதில்லை, ஒரு வருடத்தில் உள்ளே பச்சை பூத்துவிடும். அதன் பிறகும் ஒளி போதவில்லை என்றால் இரண்டு ரிலே வையுங்கள். ரிலே என்பது சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். ஹெட்லைட்டின் பழைய நீலம்-வெள்ளை வயரை ஒரு ரிலேயிலும் நீலம்-சிவப்பு வயரை மற்ற ரிலேயிலும் 86 என்று எண்ணிட்ட முனைக்குக் கொடுங்கள், 85-ஐ எர்த் செய்யுங்கள். ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் காந்தச் சுவிட்சான சொலினாய்டின் பேட்டரி முனையிலிருந்து 28 இழை வயரை 30-க்கு நேராக இழுங்கள், 87-லிருந்து விளக்குக்குக் கொண்டுபோங்கள். சுவிட்ச் இனிமேல் சுமக்க வேண்டியது கால் ஆம்பியர் அளவுக்குத்தான். அசல் சுவிட்ச் இன்னும் பல காலம் உழைக்கும். ரிலேக்குப் போகும் வயரில், சொலினாய்டுக்கு மிக அருகில், ஃபியூஸ் கட்டாயம். இடது வலது விளக்குகளுக்குத் தனித்தனி ஃபியூஸ் இருந்தால் ஒன்று போனாலும் மற்றது எரியும்.

ஃபியூஸ் என்றதும் ஒரு விஷயம், உயிரோடு விளையாடும் விஷயம். லூகாஸ் கண்ணாடி ஃபியூஸுக்குள் ஒரு காகிதத் துண்டில் 35 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். 35 ஆம்பியர் பாய்ந்தால் உடனே எரிந்துபோகும் என்பது அதன் பொருள். அது தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். மற்ற நாட்டுக் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால் 35 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும் என்று அர்த்தம். இந்த வேறுபாடு தெரியாமல் எண்ணைப் பார்த்து மாற்றினால், ஃபியூஸ் எரிவதற்கு முன்பே வயர் எரியும். லூகாஸ் ஃபியூஸ் கிடைக்காவிட்டால் 15 ஆம்பியர் சாதாரண ஃபியூஸ் போடுங்கள்.

ஃபியூஸே இல்லாத வயர்களும் உண்டு. ஆரம்பகால எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன் சுவிட்சுக்குப் பிந்தையது, நீலம் ஹெட்லைட். மூன்றுக்கும் ஃபியூஸ் கிடையாது. ஊதாவுக்கும் பச்சைக்கும் மட்டும் உண்டு. ஊதாவில் ஹாரனும் உள்விளக்கும், பச்சையில் வைப்பர், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாம். ஆகையால் பழுப்பு வயர் எங்கேயாவது தகரத்தில் உரசி மேலுறை தேய்ந்தால் அதை நிறுத்த ஒன்றுமே இல்லை. தகரத்தில் வயர் நுழையும் ஓட்டைகளில் உள்ள ரப்பர் வளையங்கள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். காய்ந்து உதிர்ந்தவற்றை அன்றைக்கே மாற்றுங்கள். வண்டியை விட்டு இறங்கும்போது பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றை வைப்பதும் நல்லது. 1950-களுக்கு முந்தைய வண்டியில் ரப்பர் மேல் நூல் சுற்றிய வயராக இருந்தால் விஷயம் வேறு. உள்ளே ரப்பர் இறுகி வெடித்திருக்கும், வளைத்தால் பொடியாக உதிரும். அதற்கு ஒட்டுப்போடும் வேலை ஆகாது. அதே நிறங்களில் நூல் சுற்றிய புதிய வயரிங் செய்து தருகிறார்கள், முழுதாக மாற்றிவிடுங்கள்.

டைனமோவைப் பற்றிய கேலியில் பாதி உண்மை. லூகாஸின் சி40 டைனமோ அதிகபட்சம் தருவது 22 ஆம்பியர். ஹெட்லைட்டுக்கு 10, இக்னிஷனுக்கு 3 அல்லது 4, பார்க்கிங் விளக்குகளுக்கு 2, வைப்பருக்கு 3, ஹீட்டருக்கு 3 அல்லது 4 என்று கூட்டினால் மழை பெய்யும் குளிர்கால இரவில் கணக்கு அந்த எல்லையைத் தொட்டுவிடும். என்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது டைனமோ கிட்டத்தட்ட ஒன்றும் தராது, சார்ஜ் இல்லை என்று காட்டும் டாஷ்போர்டு சிவப்பு விளக்கு மினுங்கும். அது கோளாறு இல்லை, அதன் இயல்பு. நகர நெரிசலில் ஊர்ந்து போகிறவர்கள் ஆல்டர்னேட்டருக்கு மாறினால் தவறில்லை. ஆனால் லூகாஸ் ஆல்டர்னேட்டர்களில் 16ஏ.சி.ஆர். 34 ஆம்பியரும் 18ஏ.சி.ஆர். 43 ஆம்பியரும் தரும். பழைய பழுப்பு வயரும், 30 வரை மட்டுமே காட்டும் அம்மீட்டரும் அதைத் தாங்காது. வயரையும் சேர்த்து மாற்ற வேண்டும். இன்னொன்று, ஆல்டர்னேட்டரில் அந்தச் சிவப்பு விளக்கின் 2.2 வாட் பல்பு வெறும் அறிவிப்புக்கு மட்டுமில்லை. அதன் வழியாகப் போகும் சிறு மின்சாரத்தில்தான் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்கிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜும் நின்றுபோகும்.

டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை என்றால் முதலில் பெல்ட். நீளமான பக்கத்தின் நடுவே விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். பிறகு டைனமோவில் உள்ள ‘டி’, ‘எஃப்’ வயர்கள் இரண்டையும் கழற்றி, அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, இணைப்புக்கும் உடம்புக்கும் நடுவே வோல்ட்மீட்டரை வைத்து, ஐட்லிங்கிலிருந்து மெதுவாக வேகத்தைக் கூட்டுங்கள். வோல்ட் தடங்கலில்லாமல் ஏறினால் டைனமோ நலம், கோளாறு கட்-அவுட் பெட்டியிலோ (டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் இதற்குள்தான்) வயரிலோ இருக்கிறது. 20 வோல்ட்டைத் தாண்ட விடாதீர்கள். ஒன்றுமே காட்டவில்லை என்றால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் வரை மட்டும் என்றால் காந்தப்புலம் உண்டாக்கும் ஃபீல்டு சுற்றில் கோளாறு. 4, 5 வோல்ட்டில் நின்றால் உள்ளே சுழலும் ஆர்மேச்சரில். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகாது. இதைச் செய்யாமலே டைனமோவை மாற்றும் பட்டறைகளைப் பற்றி என்ன சொல்ல! கார்பன் பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைப் பெட்ரோல் தோய்த்த துணியால் துடையுங்கள். கறை போகவில்லை என்றால் நைஸ் கண்ணாடித் தாள், எமரித் தாள் கூடவே கூடாது. பின்மூடியின் நடுவிலுள்ள ஓட்டையில் இரண்டு மூன்று சொட்டு என்ஜின் ஆயில் விடவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்புஷ் தேய்வதற்கு அதுதான் காரணம்.

ஆர்.பி.106 கட்-அவுட் பெட்டியின் மூடியைத் திறந்ததும் திருகாணியைத் திருப்பும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் அதன் ‘இ’ முனையிலிருந்து உடம்புக்குப் போகும் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள். அந்த எர்த் அறுந்தால் ரெகுலேட்டருக்கு வோல்ட் எவ்வளவு என்றே தெரியாது. டைனமோ கட்டுப்பாடில்லாமல் ஏறி பல்புகளை எரிக்கும், பேட்டரியைக் கொதிக்க வைக்கும். டைனமோவை பேட்டரியோடு இணைக்கும் கட்-அவுட் மூடிக்கொள்ள வேண்டியது 12.7 முதல் 13.3 வோல்ட்டுக்குள்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையை உடம்போடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த் முறையைக் கோமாளித்தனம் என்று ஒரு துணுக்கு சொல்கிறது. முனைகள் அரிப்பது குறையும், ஸ்பார்க் பிளக்குக்கு நல்லது என்று அன்றைக்கு நினைத்துச் செய்தார்கள். எம்.ஜி.பி.யில் 1967 வரை அப்படித்தான் இருந்தது. நெகட்டிவ்வுக்கு மாற்ற விரும்பினால் பேட்டரியைத் திருப்பி, காயிலின் இரண்டு வயர்களை இடம் மாற்றி, அம்மீட்டர் வயர்களையும் மாற்றி, டைனமோவின் ‘எஃப்’ முனையில் கழற்றிய வயருக்குப் பதிலாக பேட்டரியின் உயிர்முனையிலிருந்து (எர்த் ஆகாத முனை) ஒரு வயரை இரண்டு மூன்று தடவை தொட்டு எடுக்க வேண்டும். ஸ்டார்ட்டர் முன்பு சுற்றிய பக்கமே சுற்றும். நிரந்தரக் காந்தம் உள்ள மோட்டார்கள் எதிர்ப்பக்கம் சுற்றும். பழைய ரேடியோ இருந்தால் முதலில் அதைக் கழற்றி வையுங்கள்.

மீட்டர்கள் விஷயம் சுருக்கமாக. பெட்ரோல், வெப்பம் இரண்டும் ஒரே நேரத்தில் தவறாகக் காட்டினால் குற்றவாளி டாஷ்போர்டின் பின்னாலிருந்து மீட்டர்களுக்குச் சீரான வோல்ட் தரும் 10 வோல்ட் ஸ்டெபிலைசர், பெரும்பாலும் அதன் எர்த். ஒன்று மட்டும் தவறு என்றால் ஸ்டெபிலைசரை விட்டுவிடுங்கள். வைப்பர் நத்தை மாதிரி நகர்ந்தால் மோட்டாரைத் திட்டுவதற்கு முன், மோட்டாரிலிருந்து வைப்பருக்கு ஓடும் பல்கம்பியைக் குழாயிலிருந்து உருவி, கட்டியாகிப்போன பழைய கிரீஸைக் கழுவிப் புதிது வையுங்கள். இண்டிகேட்டர் வேலை செய்யாத பிந்தைய எம்.ஜி.பி.யில், எல்லா இண்டிகேட்டரையும் ஒன்றாக மினுக்கும் ஹஸார்டு சுவிட்சை இருபது தடவை போட்டு அணைத்துப் பாருங்கள். இண்டிகேட்டருக்குப் போகும் மின்சாரம் அந்தச் சுவிட்சுக்குள் நுழைந்துதான் வருகிறது. ஆண்டுக்கணக்கில் தொடாமலிருந்தால் உள்ளே கறுத்துப்போகும்.

கடைசியாக, நடுவழியில் இறங்கி வண்டியின் பின்பக்கத்தை சுத்தியலால் தட்டினால் ஓடும் என்ற துணுக்கு. அப்படித் தட்டினால் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் தட்டப்படுவது எஸ்.யூ. பெட்ரோல் பம்பு, லூகாஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்குள் ஒரு ஜோடி காண்டாக்ட் பாயிண்ட், ஒவ்வொரு ‘டிக்’குக்கும் திறந்து மூடும், ஒவ்வொரு திறப்பிலும் ஒரு சிறு பொறி. பாயிண்ட் கருகியதும் ஒட்டிக்கொள்ளும் அல்லது தொடாமல் நிற்கும். தட்டினால் நகரும், மறுபடி நிற்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கறுப்பு மூடியின் ஒற்றை நட்டை எடுத்தால் பாயிண்ட் கண்ணெதிரே இருக்கும். மெல்லிய அட்டையை இடையில் இழுத்துத் துடையுங்கள், குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள். கூடவே பம்பின் எர்த் வயரையும் தேய்த்து முடுக்குங்கள்.

இப்படிக்கு,
பழைய வாகன மின்பணி செய்யும் தங்கள் வாசகர்